பந்தைப் பிடிக்க வைக்காதீங்க, துரத்த விடுங்க: ஒன்றரை, ரெண்டு வயசுக் குழந்தையும் பேலன்ஸும்

கேட்டது சுருக்கமா இதுதான்: பையனுக்கு ஒரு வயசு எட்டு மாசம், பந்தைத் தூக்கிப் போட்டா கையையே நீட்ட மாட்டேங்கறான், நெஞ்சுல பட்டுக் கீழ விழுந்து உருண்டு போன பிறகுதான் பாக்கறான், உதைடான்னா பந்து மேலயே நடந்து ஏறி விழறான், பேலன்ஸ் வீக்கா, கோஆர்டினேஷன் வர்றதுக்கு என்ன மாதிரி பந்து விளையாட்டு விளையாடலாம், அப்புறம் எப்பவும் இடது காலாலயே உதைக்கறானே அதை மாத்தணுமா.

நான் குழந்தைகளுக்கு பிசியோதெரபி பண்ற ஆள், இதே கேள்வி வேற வேற வார்த்தைல அடிக்கடி வரும். முதல்ல பயத்தை இறக்கி வெச்சுடுங்க, பிடிக்காம விடறது, உதைக்கப் போய் விழறது எல்லாமே இந்த வயசுக்கு சகஜம். அமெரிக்க அரசோட நோய்த் தடுப்பு மையமான சிடிசி 2022ல திருத்தி வெளியிட்ட வளர்ச்சிப் பட்டியலைப் பாத்தீங்கன்னா பந்தை உதைக்கறது 2 வயசுப் பக்கத்துல இருக்கு, பெரிய பந்தைப் போட்டா பெரும்பாலும் பிடிச்சுடறதுங்கறது 4 வயசுப் பக்கத்துலதான் வருது. அதுவே நாலு குழந்தைல மூணு குழந்தையாவது அந்த வயசுக்குள்ள செஞ்சுடும்ங்கற கணக்குல போட்ட பட்டியல், அப்ப மிச்சக் குழந்தைங்க அதுக்கும் மேல டைம் எடுக்கும். நாம என்ன பண்றோம், பந்து வாங்கின அன்னைக்கே நாலடி தள்ளி நின்னு கேட்ச் கேட்ச்னு மூஞ்சிக்கு நேரா போடறோம், அவன் முழிச்சா நமக்கு வருத்தம்.

பிடிக்கறதுங்கறது ஒரு வேலை இல்லைங்க, நாலஞ்சு வேலை. கண்ணு பந்தோடயே வரணும், இன்னும் கொஞ்ச நேரத்துல அது எங்க இருக்கும்னு மூளை முன்கூட்டியே கணக்குப் போடணும், கை அதுக்கு முன்னாடி அங்க போய்ச் சேரணும், சரியான நேரத்துல விரல் மூடணும், இதுக்கெல்லாம் முன்னாடி, கை முன்னால போனா உடம்பு முன்னால சாயுமே, அதைத் தாங்கறதுக்கு முதுகும் காலும் தயாராகணும். ரெண்டு வயசுக் குழந்தை பந்து இப்ப எங்க இருக்கோ அதைத்தான் பாக்கும், அடுத்து எங்க இருக்கும்ங்கறது அதுக்கு இன்னும் பிடிபடல. அதனால கையைக் கட்டை மாதிரி நீட்டி வெச்சுக்கும், பந்து கைல பட்டு எகிறிப் போன பிறகு கையை மூடும். மூணு வயசு வாக்குல ரெண்டு கையாலயும் நெஞ்சோட சேத்து அணைச்சுப் பிடிக்கும், அப்பவும் தலையை ஒரு பக்கம் திருப்பிக் கண்ணை மூடிக்கும். நெஞ்சோட அணைக்காம கையால மட்டுமே பிடிக்கறதெல்லாம் அஞ்சு ஆறு வயசுல வர்ற சமாச்சாரம். இதுல அவசரப்பட்டு வேகமா போட்டு நாலு தடவை மூஞ்சில பட்டுச்சுன்னா அந்தத் தலை திருப்பற பயம் போகவே நாளாகும். அதனால தூக்கிப் போட்டுப் பிடிக்கற ஆட்டத்தை இப்போதைக்கு மூட்டை கட்டி வெச்சுடுங்க.

அப்ப பந்து எதுக்குன்னா, காலுக்கும் இடுப்புக்கும். இந்த வயசுல பந்து கைக்கான பொருள்னு நினைக்கறதாலதான் ஆட்டமே தப்பாப் போகுது. குழந்தை பந்தைத் தேடிப் போகுது பாருங்க, நடுவுல நிக்குது, திரும்புது, குந்துது, எடுக்குது, எழுந்திரிக்குது, தூக்கிட்டு வருது, அங்கதான் மொத்த பயிற்சியும் இருக்கு. கைக்கு வந்துச்சா வரலையாங்கறது பெரிய விஷயமே இல்ல.

அந்த உடம்பைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ரெண்டு வயசுல தலை மட்டுமே மொத்த உயரத்துல கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு, பெரியவங்களுக்கு ஏழு எட்டுல ஒரு பங்குதான். கனம் எல்லாம் மேல, அதைத் தாங்கற பாதம் சின்னது, அதனாலதான் நடை பழகின புதுசுல காலை அகட்டி வெச்சு ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நடக்குதுங்க. விழறது குறைபாடு இல்ல, கத்துக்கற வழியே அதான். நியூயார்க் யூனிவர்சிட்டில கேரன் அடால்ஃப் குழு 2012ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, 12லேருந்து 19 மாசக் குழந்தைங்க சும்மா விளையாடிட்டு இருக்கறதை எண்ணிப் பாத்ததுல சராசரியா ஒரு மணி நேரத்துக்கு 2368 அடி எடுத்து வெச்சு 17 தடவை விழுந்துச்சுங்க. மணிக்குப் பதினேழு! அதுவும் நேர் கோட்டுல வாக்கிங் போற மாதிரி நடக்கல, நாலடி நடை, ஒரு நிறுத்தம், ஒரு திரும்பல், திரும்பவும் நாலடி. உருள்ற பந்து குழந்தையை அச்சு அசலா அப்படித்தான் நடக்க வைக்கும், நீங்க வான்னு கூப்பிட்டா கூட அவ்வளவு வளைஞ்சு நெளிஞ்சு வராது.

இன்னொரு விஷயம் புரிஞ்சா அவன் ஏன் உதைக்கும்போது விழறான்னு தெரிஞ்சுடும். பேலன்ஸுக்கு மூளைக்கு மூணு இடத்துலேருந்து தகவல் வருது: உள்காதுல இருக்கற திரவம் நிரம்பின அரைவட்டக் குழாய்கள், கண்ணு, அப்புறம் தசை, மூட்டு, உள்ளங்கால். பெரியவங்க மூணையும் சரியாக் கலந்துக்குவாங்க, சின்னக் குழந்தைங்க கண்ணை ரொம்ப நம்பும். 1974ல டேவிட் லீ, எரிக் ஆரன்சன்னு ரெண்டு பேர் இதைச் சோதிச்சாங்க, தரை அப்படியே நிக்கும், சுத்தி இருக்கற சுவரு மட்டும் நகரும், அப்படி ஒரு ரூம் செஞ்சு 13லேருந்து 16 மாசக் குழந்தைகளை உள்ள நிக்க வெச்சாங்க. சுவரு நகர்ந்ததும் தரை ஆடாமலேயே குழந்தைங்க தள்ளாடுச்சுங்க, சிலது விழுந்தே போச்சு. இப்ப உங்க பையன் விஷயத்துக்கு வாங்க, உருண்டு வர்ற பந்துல கண்ணை வெச்சிருக்கான், தலை குனிஞ்சிருக்கு, அதே நேரத்துல ஒரு காலைத் தூக்கச் சொல்றோம். பேலன்ஸுக்குக் கைகொடுத்துட்டு இருந்த கண்ணைப் பந்து பிடுங்கிடுச்சு. விழாம என்ன பண்ணுவான்.

அதனால வரிசை முக்கியம். உக்காந்து ஆரம்பிங்க. நீங்களும் அவனும் எதிரெதிரா காலை அகட்டி உக்காந்து பந்தை உருட்டி உருட்டி விடுங்க. உக்காந்துட்டா கால் பிரச்சனை தீந்துச்சு, கண்ணும் கையும் மட்டும் வேலை செஞ்சா போதும், உருள்ற பந்து தரையோட ஒட்டியே வர்றதால மேல கீழ கணக்கும் இல்ல. ஒரு வயசுக் குழந்தைக்கே இது போதுமானது, ஏன்னா பிடிச்ச பொருளை வேணும்னு நினைக்கற நேரத்துல விடறதே பத்து பன்னெண்டு மாசத்துலதான் வருது. ரெண்டு மூணு நாள் நேரா உருட்டினீங்கன்னா அதுக்கப்புறம் கொஞ்சம் வலது பக்கமா, கொஞ்சம் இடது பக்கமா விடுங்க, அப்ப அவன் சாஞ்சு எட்டி எடுத்துட்டுத் திரும்ப நிமிர்ந்து உக்காரணும். பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், ஆனா வயித்துப் பக்கவாட்டுத் தசைகளுக்கு இதுதான் முதல் பாடம். அதே ஆட்டம் முட்டி போட்டு நின்னுகிட்டும் ஆடலாம், இடுப்பு இன்னும் நல்லா வேலை செய்யும், விழுந்தாலும் உயரம் கம்மி.

நிக்கற நிலைக்கு வந்ததும் நான் ரொம்ப மதிக்கற ஆட்டம் ஒண்ணு இருக்கு, பெரிய பந்தைக் குந்தி எடுத்துத் தூக்கிட்டுப் போய் ஒரு வாளிலயோ கூடைலயோ போடறது. அவ்வளவுதான். இதுல என்ன இருக்குன்னு தோணும், ஆனா பாருங்க, எதையும் பிடிக்காம குந்தி எழுந்திரிக்கும்போது தொடை, இடுப்பு, கணுக்கால் மூணும் சேந்து வேலை செய்யணும், இது ஒன்றரை வயசு வாக்குல வர்ற திறமை. அப்புறம் பந்து ரெண்டு கையும் நிறைஞ்சு இருக்கறதால வழில சோபாவைப் பிடிக்க முடியாது, கையைத் தூக்கி பேலன்ஸ் பண்ணவும் முடியாது, முன்னால தரையும் சரியாத் தெரியாது, ஆக கண்ணும் கையும் கழண்டுக்கும், கால்தான் சமாளிக்கணும். சின்னப் பந்துன்னா ஒரு கைல எடுத்துட்டு ஓடிடுவான், அதனால பந்து பெருசா இருக்கணும். பழகினதும் கூடையை ஒரு நாள் தரைல வைங்க, ஒரு நாள் ஸ்டூல் மேல வைங்க, தள்ளி வைங்க, நடு வழில ஒரு மெத்தையையோ தலகாணியையோ போட்டு அது மேல ஏறி இறங்கி வர விடுங்க, புல் தரை, லேசான சரிவு கிடைச்சா இன்னும் நல்லது. ஒவ்வொரு தரைக்கும் உள்ளங்கால் வேற வேற கணக்குப் போடும்.

துரத்தற ஆட்டத்துக்கு பெருசா சொல்லித்தர ஒண்ணும் இல்ல, மெதுவா உருட்டி விடுங்க, ஓடட்டும். ஒண்ணு மட்டும், எப்பவும் அவனுக்கு முன்னால நேரா உருட்டாம சில சமயம் பின்னால போற மாதிரியும் உருட்டுங்க, அப்ப உடம்பைத் திருப்பிப் போகணும். ஓடறதை விட நிக்கறதும் திரும்பறதும்தான் கஷ்டம், விழறதெல்லாம் பெரும்பாலும் அங்கதான்.

இப்ப உதைக்கறது. ஆரம்பத்துல எந்தக் குழந்தையும் பந்தை உதைக்காது, பந்து மேல மோதற மாதிரி நடந்து போகும், கால் பட்டுப் பந்து உருண்டா அதுதான் அதோட கிக். அதைத் திருத்தாதீங்க, நல்லாக் கை தட்டிட்டு விடுங்க. அடுத்த படி, அசையாம நிக்கற பந்து. பந்தை அவன் காலுக்கு முன்னாடி வெச்சுட்டு நீங்க பக்கத்துல நின்னு உங்க ஒரு விரலைப் பிடிச்சுக்கச் சொல்லுங்க. விரல் அவன் இடுப்பு உயரத்துல இருக்கட்டும், இது முக்கியம், நிறைய பேர் கையைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கறாங்க, இல்லன்னா அக்குள்ல கையைக் கொடுத்துத் தூக்கிக்கறாங்க, அப்ப அவன் கனத்தை நீங்க சுமக்கறீங்க, அவன் பேலன்ஸ் எதுவும் கத்துக்கல. பந்துல கொஞ்சம் காத்தை இறக்கி விட்டுடுங்க, லேசா அமுங்கற அளவுக்கு. இந்த ஒரு சின்ன வேலை பாதிப் பிரச்சனையைத் தீத்துடும், பந்து மெதுவாப் போகும், கால் பட்டா வழுக்கிட்டு ஓடாது, கைக்கும் பிடி கிடைக்கும். விரல் பிடிச்சு நல்லா உதைக்கறான்னா விரலை எடுத்துட்டு ஒரு கை சுவத்துல வெச்சு உதைக்க விடுங்க, அப்புறம் ஒண்ணுமே இல்லாம. உருண்டு வர்ற பந்தை உதைக்கறது எல்லாத்துக்கும் கடைசி, அதை இப்ப எதிர்பாக்கவே வேண்டாம்.

உதைக்கற அந்த ஒரு நொடில அவன் ஒத்தைக் கால்ல நிக்கறான். மூணு வயசுக் குழந்தையே ஒத்தைக் கால்ல ரெண்டு மூணு செகண்ட் நின்னா பெருசு, அஞ்சு வயசுலதான் பத்து செகண்ட் பக்கம் வரும். அதனால ஒரு நொடி நின்னு உதைச்சா அதுவே சாதனைதான். இதுக்கு ஒத்தாசையா ஒரு ஆட்டம்: காத்து இறக்கின பந்து மேல ஒரு காலை மட்டும் வெச்சு நிக்கறது, நீங்க இடுப்பைப் பிடிச்சுக்கணும், விடவே கூடாது, உள்ளங்கால்ல பந்து அமுங்கறது அவனுக்கு சிரிப்பா இருக்கும், நமக்கு அவன் கனம் இன்னொரு கால் மேல போய் நிக்கணும், அவ்வளவுதான் வேணும்.

எறியறது பிடிக்கறதை விட ரொம்ப சீக்கிரம் வரும், அதை நல்லாப் பயன்படுத்திக்கலாம். பந்தைத் தலைக்கு மேல ரெண்டு கையாலயும் தூக்கி முன்னால வீசச் சொல்லுங்க. தலைக்கு மேல போகும்போது உடம்பு பின்னால சாயும், வீசும்போது முன்னால வரும், ரெண்டையும் கால் சமாளிக்கணும். குறி பெருசா இருக்கட்டும், சுவரு, பெரிய அட்டைப்பெட்டி இந்த மாதிரி. காலை நகத்தாம கையை மட்டும் ஆட்டிப் போடறான்னு கவலைப்படாதீங்க, எதிர்க் காலை எடுத்து வெச்சு எறியறதெல்லாம் பள்ளிக்கூடம் போற வயசுல வர்றது.

என்ன பந்துன்னா, 20லேருந்து 25 சென்டிமீட்டர் அகலத்துல மெத்துன்னு, கனமில்லாம, தரையோட நிறத்துலேருந்து பளிச்சுன்னு வேற நிறமா இருந்தா போதும். மூளை வளர்ச்சிப் பந்து, சென்சரி பந்துன்னு விக்கறதெல்லாம் வாங்கணும்னு கட்டாயமே இல்ல. வேண்டாதது எதுன்னு சொல்றேன், இதைக் கொஞ்சம் கவனமாப் படிங்க. கோலி சைஸ், சின்ன ரப்பர் பந்து சைஸ் எதுவும் மூணு வயசு வரைக்கும் கைக்கு எட்டவே கூடாது, தொண்டைல போய் அடைச்சுடும். அமெரிக்கச் சட்டமே ஒண்ணே முக்கால் இஞ்ச், அதாவது சுமார் நாலரை சென்டிமீட்டர் அகலத்துக்கு உட்பட்ட பந்தை மூணு வயசுக்குக் கீழ இருக்கற குழந்தைகளுக்குன்னு விக்கத் தடை போட்டிருக்கு. பலூன் மெதுவா மிதக்கறதால பேலன்ஸ் ஆட்டத்துக்கு அருமையாத் தோணும், நெட்ல பாதி வீடியோல அதைத்தான் காட்டறாங்க, ஆனா வெடிச்ச துண்டு வாய்க்குள்ள போனா மூச்சுக்குழாய் மேல படிஞ்சு அப்படியே மூடிக்கும், எடுக்கறதே கஷ்டம், ஊதாத பலூனும் அதே ஆபத்து. பலூனுக்குப் பதிலா காத்தடிக்கற பீச் பால் வாங்கிக்கோங்க, அதுவும் மெதுவாத்தான் வரும். லைட் எரியற, பாட்டுப் பாடற பந்துன்னா பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கான்னு பாருங்க, பட்டன் பேட்டரி வயித்துக்குள்ள போனா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும், காத்திருந்து பாக்கற விஷயமே இல்ல.

வீட்டுக்குள்ளன்னா வெறுங்கால்தான் நல்லது, வழவழ தரைல சாக்ஸ் போட்டு விளையாட விடாதீங்க. மேஜை முனை, கண்ணாடி இதையெல்லாம் நகத்திடுங்க, ஏன்னா துரத்தும்போது அவன் பந்தைத் தவிர எதையும் பாக்க மாட்டான்.

எவ்வளவு நேரம்னா, மூணு நிமிஷம், அஞ்சு நிமிஷம், அவன் திரும்பிட்டுப் போற வரைக்கும். உலக சுகாதார நிறுவனம் 2019ல கொடுத்த வழிகாட்டுதல்ல ஒரு வயசுலேருந்து நாலு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு மொத்தமா 180 நிமிஷமாவது உடம்பை அசைக்கணும்னு சொல்லுது, அது நடக்கறது, ஏறறது, ஆடறது எல்லாம் சேத்து, பந்தை வெச்சே மூணு மணி நேரத்தை நிரப்பணும்னு அர்த்தம் இல்ல. ஆடும்போது நீளமாப் பேசாதீங்க, உருட்டு, நில்லு, போடுன்னு ஒத்தை வார்த்தை போதும், சொல்லிட்டுக் கொஞ்சம் பொறுங்க. அவன் கேட்டு, புரிஞ்சு, உடம்பைத் தயார் பண்ணி, செய்யறதுக்கு நேரம் ஆகும், அதுக்குள்ள நாம இன்னொரு தடவை சொல்லிடறோம், கையைப் பிடிச்சு நாமளே செஞ்சும் விட்டுடறோம், அப்பாக்கள் இதுல கொஞ்சம் அதிகம்னு எனக்கு ஒரு எண்ணம்.

எப்ப டாக்டரைப் பாக்கணும்னும் சொல்லிடறேன். 18 மாசம் முடிஞ்சும் பிடிக்காம நடக்கல (உலக சுகாதார நிறுவனம் பல நாடுகள்ல குழந்தைகளைத் தொடர்ந்து கவனிச்சுச் சொன்ன கணக்குல தனியா நடக்கறது 8லேருந்து 18 மாசத்துக்குள்ள கிட்டத்தட்ட எல்லாருக்கும் வந்துடுது), எப்பவும் குதிகாலைத் தூக்கி நுனிக்கால்லயே நடக்கறான், தரைலேருந்து எழும்போது ரெண்டு கையையும் தொடைல ஊனி ஊனி ஏறி எழுந்திரிக்கறான், முன்னாடி செஞ்சிட்டு இருந்ததை இப்ப செய்ய முடியல, போன மாசத்தை விட இந்த மாசம் அதிகமா விழறான், இதெல்லாம் இருந்தா தள்ளிப் போடாதீங்க. ஒரு பக்கத்துலேருந்து வர்ற பந்தை மட்டும் கவனிக்கவே மாட்டேங்கறான், இல்ல கண்ணு ஒண்ணு விலகின மாதிரி இருக்குன்னா கண் டாக்டர்கிட்டயும் காட்டுங்க, கோஆர்டினேஷன் குறைன்னு கூட்டிட்டு வர்றதுல சிலது கடைசில பார்வைக் கோளாறா முடியும். குறைமாசத்துல பிறந்த குழந்தைன்னா ரெண்டு வயசு வரைக்கும் அந்த வித்தியாசத்தைக் கழிச்சுட்டுத்தான் வயசு கணக்குப் போடணும், ரெண்டு மாசம் முன்னாடி பிறந்து இப்ப இருபது மாசம்னா அவன் வளர்ச்சியைப் பதினெட்டு மாசக் குழந்தையோடதான் ஒப்பிடணும்.

கடைசியா அந்த இடது கால். மாத்தாதீங்க. எந்தக் கை, எந்தக் கால்ங்கறது இந்த வயசுல இன்னும் முடிவாகல, மாறி மாறி வரும், மூணு நாலு வயசுக்கு மேலதான் ஒரு பக்கமா நிலைக்கும். ஒன்றரை வயசுக்கு முன்னாடியே ஒரு கையை மட்டுமே உபயோகிச்சு இன்னொரு கையை மடக்கியே வெச்சிருந்தா அதுதான் கவலைப்பட வேண்டியது, அந்தக் கை வீக்கா இருக்கலாம். காலைப் பொறுத்தவரை ஒண்ணு யோசிச்சுப் பாருங்க, இடது காலால உதைக்கறான்னா மொத்த உடம்பையும் தாங்கி நிக்கறது வலது கால், பேலன்ஸ் பயிற்சி நடக்கறது அதுலதான். அப்ப இடது காலுக்கும் நிக்கற வேலை கொடுக்கணும்னா திட்டவோ காலைப் பிடிச்சுத் திருப்பவோ வேண்டாம், நாலு தடவைக்கு ஒரு தடவை பந்தை நடுவுல வைக்காம அவன் வலது பாதத்துக்கு நேரா வெச்சுப் பாருங்க, அவனே வலது காலால உதைப்பான். உதைக்காம சுத்தி வந்து இடது காலாலயே உதைச்சான்னா அதுவும் ஓகே, சுத்தி வந்ததுல நாலடி பக்கவாட்டு நடை கிடைச்சுது.